வெயிலைக் குத்தகைக்கு விடுவோர் கவனத்திற்கு

சென்ற கார்த்திகையில் ஊரிலிருந்து நமக்கு ஒரு தபால் உறை வந்து சேர்ந்தது. உள்ளே முத்திரைத் தாளில் அச்சடித்த நான்கு பக்கங்கள். மூன்று இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி இடப்பட்டிருந்தது. கூடவே அண்ணன் கைப்பட எழுதிய ஒரு துண்டுக் கடிதம்: "குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, அங்கேயே ஒரு நோட்டரியிடம் முத்திரை வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பவும். சோலார்க்காரர்கள் அவசரப்படுகிறார்கள்."

கோவில்பட்டிக்குக் கிழக்கே, வானம் பார்த்த கரிசல் பூமியில் எங்கள் குடும்பத்துக்கு ஏழு ஏக்கர் புஞ்சை உண்டு. தகப்பனார் இருந்தவரையில் அதில் உளுந்தும் கம்பும் பருத்தியும் மாறி மாறி விளைந்தன. 2011-ஆம் ஆண்டில் அவர் காலமான பிறகு அண்ணன் சில ஆண்டுகள் பாடுபட்டுப் பார்த்தார். மழையும் கூலியும் ஒத்துவராமற் போகவே நிலம் தரிசாயிற்று. இப்பொழுது அதில் செழித்து நிற்பது சீமைக்கருவேல் ஒன்றுதான். இப்படிக் கிடந்த மண்ணுக்கு இருபத்தைந்து ஆண்டுகள், ஆண்டு தவறாமல் பணம் தருகிறோம் என்று ஒருவர் வாசல் தேடி வந்தால் எந்தக் குடும்பத்துக்குத்தான் கசக்கும்? நாக்பூரில் ரயில்வே குமாஸ்தா உத்தியோகத்தில் காலந்தள்ளும் நமக்கும் கசக்கவில்லை. பேனாவைக் கையில் எடுத்தது உண்மை.

பள்ளி இறுதிப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோன நமக்கு உத்தியோகம் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பட்டியலில் உள்ள எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒத்துப்போகும் வரையில் கையெழுத்துப் போடாதே என்பது அது. அந்தப் பழக்கத்தினால் நான்கு பக்கங்களையும் வாசித்தோம். வாசித்ததும் பேனா தானே மூடிக்கொண்டது.

அது குத்தகைப் பத்திரமே அன்று, பவர் பத்திரம். நம் சார்பில் செயற்பட ஒருவருக்கு முழு அதிகாரம் கொடுக்கும் தாள். அதிகாரம் பெறுபவர் சோலார் கம்பெனியும் அல்லர். ஊரில் அலைந்து நிலம் சேர்க்கும் ஒரு தரகர். "குத்தகைக்கு விடவும், அடமானம் வைக்கவும், கிரயம் செய்து கொடுக்கவும்" என்று மூன்று அதிகாரங்களும் ஒரே வரியில் அடுக்கப்பட்டிருந்தன. குத்தகைத் தொகை எவ்வளவு என்பது நான்கு பக்கங்களிலும் எங்குமே இல்லை. வாரிசுகள் என்ற தலைப்பின் கீழ் அம்மா, அண்ணன், நாம் என மூன்று பெயர்கள் இருந்தன. சாத்தூரில் வாழ்க்கைப்பட்ட அக்காளின் பெயர் இல்லை.

அண்ணனைத் தொலைபேசியில் கேட்டோம். "கட்டிக் கொடுத்த பெண்ணின் கையெழுத்து வேண்டியதில்லை என்று தரகர் சொன்னார். அக்காளும் ஒன்றும் கேட்க மாட்டாள்" என்றார். அன்றிரவே அக்காளையும் கூப்பிட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தம்பி, நிலத்தைப் பற்றி எனக்கொன்றுமில்லை. ஆனால் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள்தான் என்று எழுதியிருக்கிறதே, அதில் நீயும் கையெழுத்துப் போடப் போகிறாயா?" என்று கேட்டாள். இக்கட்டுரை பிறந்தது அந்தக் கேள்வியினால்தான்.

இதே போன்ற உறைகள் நம் சங்கத்து அங்கத்தினர் பலருக்கும் வரக்கூடும். பிழைப்புக்காக வடக்கே வந்த குடும்பங்களில் ஊரில் இரண்டு ஏக்கராவது இல்லாதவர் குறைவு. காற்றும் வெயிலும் விலைபோகும் காலம் இது. நாகர்கோவிலுக்கு ரயிலில் போனவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வதைக் கண்டிருப்பார்கள். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. மின்சாரம் உற்பத்தி செய்ய உரிமம் வேண்டியதில்லை என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் சொல்லிவிட்டது. அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவின்படி, காற்று, சூரியன் முதலியவற்றிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒரு பங்கை விநியோக நிறுவனங்கள் வாங்கியே தீர வேண்டும் என மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் விதிக்கின்றன. 2010-ஆம் ஆண்டில் தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கியது. நம் ரயில்வேயும் பின்தங்கவில்லை. மத்தியப் பிரதேசத்துப் பீனாவில் 2020-ஆம் ஆண்டு அமைத்த 1.7 மெகாவாட் நிலையத்திலிருந்து வெயிலின் மின்சாரம் நேராக ரயிலுக்கு மேலுள்ள கம்பிக்கே ஏறுகிறது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. கரியைக் குறைக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

நாம் சொல்ல வந்தது வேறு. ஒரு சோலார் நிலையத்தில் தகடுகளுக்கும் கம்பிகளுக்கும் முன்னால் முளைப்பது காகிதம். கம்பெனிக்கு நிலக் குத்தகை ஒரு பத்திரம். மின்சாரத்தை வாங்குபவரோடு இருபத்தைந்து ஆண்டு விற்பனை ஒப்பந்தம் மற்றொன்று. மின்பாதையில் இணைப்பதற்கு ஓர் ஒப்பந்தம். கடன் கொடுக்கும் பாங்கியோடு ஒரு கட்டு. இவற்றை எழுதுவதற்கென்றே பம்பாயிலும் டில்லியிலும் பெரிய வக்கீல் நிறுவனங்களில் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. கம்பெனிக்கு வக்கீல் உண்டு. பாங்கிக்கு வக்கீல் உண்டு. மின்சாரம் வாங்கும் வாரியத்துக்கும் உண்டு. மண்ணுக்கு உடையவன் ஒருவன் மாத்திரம் பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறான்.

அக்காளே முன்வந்து கோவில்பட்டியில் ஒரு வயோதிக வக்கீலைப் பார்த்தாள். சிவில் வழக்குகளில் தேர்ந்தவர். அவர் வாங்கிய கட்டணம், தீபாவளிக்கு நம் பிள்ளைகளுக்கு எடுத்த துணிச் செலவைவிடக் குறைவு. பவர் பத்திரத்தைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதற்கேள்வி, "கம்பெனியை நீங்கள் கண்டீர்களா?" என்பதாம். நாங்கள் ஒருவரும் கண்டதில்லை. அவர் சொற்படி அண்ணன் கம்பெனியின் வட்டார அலுவலகத்துக்கே நேரில் போனார். தரகருக்குப் பவர் கொடுக்கும்படி தாங்கள் கேட்கவில்லை என்றும், உடையவர்களோடு நேரடியாகக் குத்தகை எழுதுவதே தங்கள் வழக்கம் என்றும் அங்கிருந்த அதிகாரி கூறினார். முப்பத்தெட்டுப் பக்கங்களில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு நகலையும் மரியாதையோடு கொடுத்தனுப்பினார். தரகர் நம்மிடம் ஒரு தொகைக்கு வாங்கிக் கம்பெனியிடம் வேறொரு தொகைக்குக் கொடுக்க எண்ணியிருந்தாரோ என்னவோ, அதன்பின் அவர் எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

வக்கீல் முதலில் தொட்டது அக்காளின் பங்கை. தகப்பனார் உயில் எழுதாமல் காலமானார். அவருடைய சொந்தச் சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்விகச் சொத்தில் பெண் பிள்ளைக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாட்டில் 25-3-1989 முதலும், நாடு முழுமைக்கும் 9-9-2005 முதலும் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டுத் திருத்தம் அத்தேதிக்கு முன் மணமான பெண்களை விலக்கிவைத்திருந்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. தகப்பனார் 2005-க்கு முன் இறந்திருந்தாலும் மகளின் உரிமை அற்றுப்போகாது என்று சுப்ரீம் கோர்ட் 11-8-2020-இல் வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் அக்காளின் கையெழுத்து இல்லாத பத்திரம் அரைப் பத்திரமே. பாங்கியின் வக்கீல் வழக்கமாக முப்பது ஆண்டு வில்லங்கத்தைத் துருவிப் பார்ப்பார். விடுபட்ட பெண் வாரிசைக் கண்டால் கடனையே நிறுத்திவிடுவார் என்றார் நம் பெரியவர். ஆகவே அக்காளை விட்டுவிடுவது தர்மத்துக்கு மாத்திரமன்று, காரியத்துக்கும் கேடு. இதைக் கேட்ட அண்ணன் வெட்கப்பட்டார் என்பதை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறோம்.

பட்டா இன்னும் தகப்பனார் பெயரிலேயே இருந்தது. வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மவர் பெரும்பாலோர் நிலையும் இதுவே. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அதுவே உரிமை மூலம் ஆகாது. தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா மாற்றம் என்ற வரிசையில் முதலில் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டு, பிறகு கம்பெனியோடு பேசுவதே முறை. பட்டாவையும் வில்லங்கத்தையும் தமிழ்நாட்டு அரசின் இணையத்தளங்களில் இங்கிருந்தபடியே பார்க்கலாம். நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் ஏழு ஏக்கரில் ஓர் ஏக்கர் பக்கத்துச் சர்வே எண்ணோடு கலந்து கிடப்பது அன்றுதான் தெரிந்தது.

இனி அந்த முப்பத்தெட்டுப் பக்கங்கள். நமக்கு விளங்கிய மட்டும் சில ஷரத்துகளைச் சொல்கிறோம்.

முதலாவது, தொகை. ஏக்கருக்கு ஆண்டு வாடகை ஒன்றும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 5 விழுக்காடு உயர்வும் எழுதப்பட்டிருந்தன. கர்நாடகத்துத் தும்கூர் மாவட்டத்தில் பாவகடாவில் உள்ள 2,050 மெகாவாட் சூரியப் பூங்காவில் பின்பற்றிய கணக்கே இது. அங்கே சுமார் 13,000 ஏக்கரை அரசு கையகப்படுத்தவில்லை. விவசாயிகளிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாயில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 5 விழுக்காடு ஏறும்படி ஏற்பாடு. நிலம் கைவிட்டுப் போகாமல் வருமானம் வரும் முறை என்பதால் அது நாடெங்கும் பேசப்பட்டது, நியாயமாகவே பேசப்பட்டது. ஆயினும் கணக்குப் பிள்ளையின் புத்தி சும்மா இருக்காதே! 21,000 ரூபாய் இந்த விகிதத்தில் ஏறினால் இருபத்தைந்தாம் ஆண்டில் சுமார் 37,700 ரூபாய் ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 4 விழுக்காடு மாத்திரம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அன்றைய 37,700 ரூபாய் தொடக்க ஆண்டு மதிப்பில் 14,700 ரூபாய்க்குத்தான் சமம். ஏறுவதுபோலத் தோன்றும் வாடகை உண்மையில் இறங்கிக்கொண்டே போகிறது. மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பாவகடாவில் வாடகை நிலமுடையவருக்குத்தான் போயிற்று. அந்தக் காடுகளில் களையெடுத்தும் ஆடு மேய்த்தும் பிழைத்தவர்களுக்குக் குத்தகைப் பத்திரத்தில் இடமே இல்லை. எங்கள் புஞ்சையிலும் ஒரு பெரியவர் ஆடு மேய்க்கிறார். அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை.

இரண்டாவது, தவணை. "மின்சாரத்தை வாங்குபவரிடமிருந்து கம்பெனிக்குப் பணம் வந்த அறுபது நாட்களுக்குள்" வாடகை தரப்படும் என்று ஒன்பதாம் ஷரத்தில் இருந்தது. படிப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். வக்கீல் அதன் கீழ் இரண்டு கோடுகள் போட்டார். ஆந்திரப் பிரதேசத்தில் நடந்ததை நினைவூட்டினார். 2019-ஆம் ஆண்டு அம்மாநில அரசு, காற்று, சூரிய மின்சாரத்துக்கு முன்பு ஒப்புக்கொண்ட விலை அதிகம் என்று கூறி, ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்ய முற்பட்டது. கம்பெனிகள் ஹைகோர்ட்டுக்குப் போயின. இடைக்காலமாகக் காற்றுக்கு யூனிட் 2.43 ரூபாய், சூரியனுக்கு 2.44 ரூபாய் கொடுத்தால் போதும் என்று 2019 செப்டம்பரில் தனி நீதிபதி உத்தரவிட்டார். 15-3-2022-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கி, ஒப்பந்தப்படியே விலை கொடுக்கவும் பாக்கியை ஆறு வாரங்களில் தீர்க்கவும் சொல்லிற்று. கம்பெனிகள் வென்றன. ஆனால் இடையில் கழிந்தவை இரண்டரை ஆண்டுகள். பெரிய கம்பெனி கடன் வாங்கியாவது காலத்தைக் கடத்தும். நமது வாடகை அந்தப் பணத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தால் அக்காலத்தில் அம்மாவின் மருந்துச் செலவுக்கு எங்கே போவது? வாங்குபவர் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இன்ன தேதியில் வாடகை என்று எழுத வேண்டும் எனக் கேட்டோம்.

மூன்றாவது, கம்பெனி நொடித்துப் போனால் என்ன ஆகும்? இதை நாம் நினைத்தே பார்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, கம்பெனியின் மீது திவால் நடவடிக்கை தொடங்கியதும் தடைக்காலம் ஒன்று வருகிறது. அக்காலத்தில், கம்பெனி அனுபவித்து வரும் நிலத்தை உடையவரே ஆனாலும் மீட்டுக்கொள்ள முடியாது. நடவடிக்கைக்குச் சட்டம் விதித்த மேல்வரம்பு 330 நாட்கள். நடைமுறையில் அதற்கு மேலும் நீள்வது உண்டு. பழைய பாக்கிக்குக் கடன்காரர் வரிசையில் நாமும் போய் நிற்க வேண்டும். ஆகையால், ஓர் ஆண்டு வாடகையை முன்பணமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வக்கீல்.

நான்காவது, போகிறபோது என்ன செய்வார்கள்? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின்படி, மண்ணில் பதித்தவற்றைக் குத்தகைதாரர் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் நிலத்தைப் பெற்ற நிலையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். அதே பிரிவின்படி, பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாத வரையில், அவர் தம் குத்தகை உரிமையை மற்றொருவருக்கு மாற்றலாம், அடமானமும் வைக்கலாம். எனவே இருபத்தைந்தாம் ஆண்டில் நம் நிலத்தில் இருப்பவர் யாரோ? கான்கிரீட் குத்துக்கால்களைப் பிடுங்கும் செலவு யாருடையது? பழைய சோலார் தகடுகளுக்கு 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் தனி அத்தியாயம் உண்டு. அதன் பொறுப்பு முதன்மையாகத் தகடு உற்பத்தி செய்தவர்மேல் வருகிறது. அதை நம் பத்திரத்திலும் எழுதி, அகற்றும் செலவுக்குப் பாங்கி உத்தரவாதம் ஒன்றும் கேட்க வேண்டும் என்பது வக்கீலின் யோசனை. கம்பெனி இதற்கு எளிதில் இணங்காது என்றும் அவரே சொன்னார்.

ஐந்தாவது, தகராறு. தாவா வந்தால் கம்பெனி நியமிக்கும் ஒரே மத்தியஸ்தர் டில்லியில் விசாரிப்பார் என்று முப்பத்தோராம் பக்கத்தில் கண்டிருந்தது. இதில் மாத்திரம் நாம் வக்கீலுக்கே ஒரு தகவல் சொல்லப் பெருமைப்பட்டோம். ரயில்வே மின்மயமாக்கல் அமைப்பு சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 8-11-2024-இல் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே தன்னிச்சையாக மத்தியஸ்தரை நியமிப்பது இரு தரப்பையும் சமமாக நடத்துவதாகாது என்பது அதன் சாரம். எங்கள் ஆபீசில் பல நாள் பேச்சு அதுவே. வக்கீல் சிரித்துக்கொண்டு, தனியார் ஒப்பந்தங்களில் 2019-ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ இதே கொள்கை வந்துவிட்டது என்று அக்காளிடம் சொல்லியனுப்பினார். எது எப்படியாயினும், இரு தரப்பும் சம்மதிக்கும் மத்தியஸ்தர், விசாரணை தூத்துக்குடியில் என்று திருத்தம் கேட்டோம்.

கார்பன் கிரெடிட் உரிமை யாவும் கம்பெனிக்கே என்று ஒரு வரியும் இருந்தது. மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதற்கென ஒரு வர்த்தகத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. முதலீடு அவர்களுடையது; அந்த வரியை அப்படியே விட்டுவிட்டோம். எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நின்றால் ஒன்றும் நடவாது.

பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவாக வேண்டும். பதிவு செய்யாத பத்திரத்தைக் காட்டிக் குத்தகை உரிமையைக் கோர்ட்டில் நிலைநாட்ட இயலாது. நேரில் போக முடியாதவர்கள் பவர் கொடுப்பதானால், உடன்பிறந்தார் போன்ற நம்பிக்கையானவருக்கே, இந்தச் சர்வே எண், இந்தக் கம்பெனி, இந்தக் குத்தகை என்று வரையறுத்துக் கொடுப்பது நலம். அதை நாம் வசிக்கும் ஊர்ச் சார்பதிவாளர் முன்னிலையிலேயே எழுதி அத்தாட்சி பெறுவது தாவாவுக்கு இடம் வைக்காத வழி. நாக்பூரில் இருப்பவர் நாக்பூரிலேயே செய்யலாம். நோட்டரி முத்திரை ஒன்றே போதும் என்று தரகர் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் என்ன செய்வது என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்ற வளாகந்தோறும் இலவச சட்ட உதவி மையம் உண்டு. வழக்கு நடத்துவது மாத்திரமன்று, ஆலோசனை சொல்வதும் அந்தச் சட்டம் கூறும் சேவையில் அடங்கும். குறிப்பிட்ட வருமானத்துக்குக் குறைந்தவர்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஊனமுற்றோருக்கும் அது உரியது. பெண்களுக்கோ வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. எங்கள் குடும்பத்தில் எவர் பெயர் விடுபட்டதோ அவருக்கே சட்டம் முதலில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம்.

ஊரில் நிலமில்லாதவர்கள் இக்கட்டுரை நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய இல்லத் திட்டத்தில், வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் நிலையம் வைப்பவருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. இங்கே அடுக்குமாடியில் குடியிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொட்டை மாடி பெரும்பாலும் மேல்மாடிக்காரருக்குச் சொந்தமன்று. சொசைட்டி முழுமைக்கும் பொது. பொதுக்குழுத் தீர்மானம் எழுத்தில் இல்லாமல் தகடு ஏற்றினால் அண்டை வீட்டாரோடு மனஸ்தாபம் நிச்சயம். மின் நிறுவனம் மீட்டர் வைக்கத் தாமதித்தால் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்கள்.

எங்கள் காரியம் எதுவரை வந்திருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஆறு திருத்தங்கள் எழுதி அனுப்பினோம். அக்காளின் பெயர், வாடகைத் தேதி, ஓர் ஆண்டு முன்பணம், மத்தியஸ்தர் ஆகிய நான்கையும் கம்பெனி ஒப்புக்கொண்டது. வாடகை உயர்வு விகிதமும், தகடுகளை அகற்றும் செலவுக்கு உத்தரவாதமும் பேச்சில் இருக்கின்றன. உயர்வை ஆண்டுக்கு 3 விழுக்காடு ஆக்கச் சம்மதித்தால் கையெழுத்திடலாம் என்பது அண்ணன் கருத்து. உத்தரவாதம் இல்லாமல் கூடாது என்பது அக்காளின் கருத்து. இந்த நிலத்தில் குப்பை சேரப் பார்க்க மாட்டேன் என்று அம்மா அக்காள் பக்கம் சாய்ந்துவிட்டார். முப்பத்தெட்டுப் பக்கங்களையும் தமிழில் எழுதித் தர அந்த அதிகாரி சம்மதித்திருக்கிறார். பதினைந்து பக்கங்கள் வந்துவிட்டன. எங்களுக்காக அவற்றை அக்காள் மகள், பிளஸ் டூ படிப்பவள், பாட்டிக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறாளாம்.

மாசி மாதத்தில் நால்வரும் ஒன்றாகக் கூடிப் பேசுவதென்று ஏற்பாடு. நான்கு நாள் விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம், பாசும் எழுதியாயிற்று. பென்சில் குறி போட்ட அந்த நான்கு பக்கங்களையும் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறோம். அக்காளிடம் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.